வெப்பமண்டலப் பனியில் பழங்காலநிலை: லானி தாம்சனின் ஆய்வுகள்

லானி தாம்சன் (பிறப்பு: ஜூலை 1, 1948) அமெரிக்காவைச் சேர்ந்த தொல்காலநிலையியல் அறிஞர். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள உயர்ந்த மலைச்சிகரங்களின் பனியைத் துளையிட்டு எடுத்து, அதிலிருந்து பல ஆயிரம் ஆண்டுகளின் வெப்பநிலை, மழைப்பொழிவு, வறட்சி ஆகியவற்றைக் கணிக்கும் முறையை வளர்த்தெடுத்தவர். பெரு, பொலிவியா, திபெத், தான்சானியா, இந்தோனேசியா முதலிய இடங்களின் சிகரங்களில் இவரது குழு பனி உருளைகளைச் சேகரித்துள்ளது. அவற்றுள் சில எடுக்கப்பட்ட இடங்களில் இன்று அந்த அளவு பனி இல்லை.

பனி எவ்வாறு ஆவணமாகிறது?

உயர்ந்த மலைகளில் விழும் பனி முழுவதும் உருகிவிடுவதில்லை. ஓர் ஆண்டின் பனிமேல் அடுத்த ஆண்டின் பனி விழுகிறது. மேலே சேரும் எடை தாங்காமல் கீழுள்ள பனி இறுகிக் கட்டியாகிறது. இப்படி நூற்றுக்கணக்கான ஆண்டுகளில் அடுக்கடுக்காகச் சேர்ந்த பனியை மேலிருந்து கீழாக உருளை வடிவில் துளையிட்டு எடுத்தால், மேல்முனையில் இந்த ஆண்டும் அடிமுனையில் மிகப் பழைய ஆண்டும் இருக்கும். மரத்தின் ஆண்டு வளையங்களைப் படிப்பது போலவே இதையும் படிக்கலாம்.

பனி அடுக்குகளில் பல வகைச் செய்திகள் பதிந்துள்ளன. கோடைக்காலத்தில் காற்று அள்ளிவரும் தூசி ஒரு கோடாகப் படிகிறது. எரிமலை வெடித்தால் சாம்பலும் கந்தகச் சேர்மங்களும் படிகின்றன. அடுக்கின் தடிமன் அந்த ஆண்டில் எவ்வளவு பனி பொழிந்தது என்பதைக் காட்டுகிறது. அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் துகள்கூடப் பனியில் உண்டு. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடத்தப்பட்ட சோதனைகளின் தடயம் உலகின் பெரும்பாலான பனிப்பரப்புகளில் ஒரு தெளிவான அடுக்காகக் காணப்படுகிறது. பனியின் வயதைச் சரிபார்க்க ஆய்வாளர்களுக்கு அது ஓர் அடையாளக்கல்.

இவற்றுள் மிக முக்கியமானது நீரிலேயே அடங்கியிருக்கும் ஆக்சிசன். ஆக்சிசன் அணுக்களில் பெரும்பாலானவை நிறை எண் 16 கொண்டவை. ஏறத்தாழ ஐந்நூறில் ஓர் அணு நிறை எண் 18 கொண்ட கனமான ஐசோடோப்பு. கனமான ஆக்சிசன் உள்ள நீர் மூலக்கூறு ஆவியாவதற்குச் சற்றுத் தயங்கும். மேகம் குளிரும்போது முந்திக்கொண்டு மழையாக இறங்கிவிடும். எனவே காற்று குளிரக் குளிர, இறுதியாகப் பனியாக விழும் நீரில் கனமான ஆக்சிசனின் விகிதம் குறைகிறது. டென்மார்க் அறிஞர் வில்லி டான்ஸ்கார் 1950களில் இதை வெப்பநிலையை அளக்கும் கருவியாக மாற்றினார். கிரீன்லாந்து, அண்டார்டிக்கா ஆகிய துருவப் பனிப்பரப்புகளின் வரலாறு இந்த முறையால்தான் வெளிவந்தது.

நிலக்கரியிலிருந்து பனிக்கு

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் கேசவே என்ற சிற்றூரில் எளிய குடும்பத்தில் வளர்ந்தவர் தாம்சன். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மாநிலம் அது. நிலக்கரிப் புவியியல் படித்து வேலைக்குப் போவதே அவரது திட்டமாக இருந்தது. அதற்காகவே ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஆய்வு உதவியாளராகக் கிடைத்த பணியோ அண்டார்டிக்காவிலிருந்து வந்த பனி உருளைகளைப் பகுப்பாய்வு செய்வது. நிலக்கரி கைவிட்டுப் போனது.

அதே பல்கலைக்கழகத்தில் ஜான் மெர்சர் என்ற பனியாற்றியல் அறிஞர் இருந்தார். கரியமில வாயு பெருகினால் மேற்கு அண்டார்டிக்காவின் பனிப்பரப்பு சரியக்கூடும் என்று 1978இலேயே எச்சரித்தவர் இவர். பெருவின் ஆண்டிஸ் மலையில் உள்ள கெல்காயா பனிக்கவிகையைத் தாம்சனுக்குச் சுட்டிக்காட்டியவரும் இவரே. பனியில் பழங்காலநிலையைத் தேடியவர்கள் அதுவரை துருவங்களையே நாடினர். மனிதர்களில் மிகப் பெரும் பகுதியினர் வாழ்வதோ வெப்பமண்டலத்தில். பருவமழையும் எல் நினோவும் அங்கேதான் உருவாகின்றன. அந்தப் பகுதியின் வரலாற்றைக் கிரீன்லாந்துப் பனியிடம் மட்டும் கேட்டால் முழு விடை கிடைக்காது.

கெல்காயா: 1974 முதல் 1983 வரை

கெல்காயாவின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 5,670 மீட்டர் உயரத்தில் உள்ளது. மூச்சுவிடக் கிடைக்கும் ஆக்சிசன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதி. தாம்சன் முதன்முறை அங்கே சென்றது 1974இல். கையால் தோண்டிய குழிகளிலேயே ஆண்டு அடுக்குகள் வரிவரியாகத் தெரிந்தன. மழைக்காலப் பனி வெண்மையாகவும், மே முதல் அக்டோபர் வரையான வறண்ட மாதங்களின் தூசி கருங்கோடாகவும் இருந்தன. ஆழத்துளையிட்டால் பெரும் புதையல் கிடைக்கும் என்பது உறுதியானது.

ஆனால் அக்காலத்துத் துளைக்கருவிகள் துருவ முகாம்களுக்காகச் செய்யப்பட்டவை. கனமானவை, பெரிய மின்னாக்கி தேவைப்பட்டவை. அவ்வளவு உயரத்தில் இது நடக்காது என்ற கருத்தே துறை வல்லுநர்களிடம் இருந்தது. டான்ஸ்காரும் அப்படியே கருதினார். 1979இல் பெரு விமானப்படையின் ஹெலிகாப்டரில் கருவியை மேலேற்றும் முயற்சி நடந்தது. மெல்லிய காற்றில் ஹெலிகாப்டரால் சுமையோடு பாதுகாப்பாக இறங்க முடியவில்லை. வல்லுநர்கள் சொன்னது சரிதானோ என்று எண்ணவைத்த ஆண்டு அது.

நான்காண்டுகளுக்குப் பின் விடை கிடைத்தது. பொறியாளர் புரூஸ் கோசி சூரிய மின்தகடுகளால் இயங்கும் இலகுவான துளைக்கருவியை உருவாக்கினார். பிரித்துக் கட்டி, குதிரைகளின் முதுகிலும் மனிதர் முதுகிலும் சுமந்து செல்லத்தக்க கருவி. வெப்பமண்டல மலையுச்சியில் வெயிலுக்குக் குறைவில்லை. டீசல் பீப்பாய் சுமக்கும் வேலையும் மிச்சம். 1983இல் பாறைப்படுகை வரை இரண்டு உருளைகள் எடுக்கப்பட்டன. ஒன்றின் நீளம் 154.8 மீட்டர், மற்றொன்று 163.6 மீட்டர். பனியை உறைந்த நிலையிலேயே கீழே கொண்டுவர அப்போது வழியில்லை. எனவே உருளையை மலைமேலேயே துண்டு துண்டாக வெட்டி, உருகவிட்டு, ஆயிரக்கணக்கான புட்டிகளில் நிரப்பி எடுத்து வந்தனர்.

பனி சொன்ன செய்திகள்

கெல்காயா உருளைகளிலிருந்து ஏறத்தாழ 1,500 ஆண்டுகளின் பதிவு கிடைத்தது. வயதைச் சரிபார்க்க ஓர் அரிய சான்றும் உள்ளே இருந்தது. தெற்குப் பெருவில் 1600ஆம் ஆண்டு பிப்ரவரியில் உவாய்னாபுத்தினா எரிமலை வெடித்தது. எசுப்பானியர் எழுதிவைத்த குறிப்புகளால் நாள் உட்படத் தெரிந்த நிகழ்வு. அதன் சாம்பல் உருளையில் இருந்தது. தூசிக் கோடுகளை எண்ணி வந்த கணக்கை அந்தச் சாம்பலோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

ஐரோப்பாவில் ஏறத்தாழ 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்த குளிர்க்காலத்தைச் ‘சிறு பனியுகம்’ என்பர். அது ஐரோப்பாவுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. தென்னமெரிக்கப் பனியிலும் ஏறத்தாழ அதே காலத்தில் குளிர் பதிவாகியிருந்ததைக் கெல்காயா காட்டியது. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல பத்தாண்டுகள் நீண்ட ஒரு வறட்சியும் அதில் தெரிந்தது. பெருவின் வடகடற்கரையில் செழித்திருந்த மோச்சே பண்பாடு தடுமாறிய காலத்தோடு அது ஒத்துப்போகிறது. வறட்சி மட்டுமே ஒரு சமூகத்தைக் கவிழ்த்துவிடாது. ஆனால் கால்வாய்ப் பாசனத்தை நம்பி வாழ்ந்த மக்களுக்கு அது சிறிய சோதனையும் அல்ல.

2003இல் மீண்டும் துளையிட்டபோது உருளைகள் உறைந்த நிலையிலேயே ஆய்வகம் சேர்ந்தன. பதிவு 1,800 ஆண்டுகளாக நீண்டது. இந்தப் பனியில் இருந்த நுண்ணிய உலோகத் துகள்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு வரலாற்று மாணவர்களையும் கவர்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஈயம் முதலிய உலோகங்களின் அளவு கூடியிருந்தது. எசுப்பானியர் ஆட்சியில் பொத்தோசி முதலிய இடங்களில் வெள்ளித் தாதை உருக்கியபோது எழுந்த மாசு பல நூறு கிலோமீட்டர் கடந்து பனியில் படிந்திருக்கிறது. தொழிற்புரட்சிக்கு ஏறத்தாழ 240 ஆண்டுகள் முன்பே தென்னமெரிக்காவின் காற்று மாசடையத் தொடங்கிவிட்டது என்பது இதன் பொருள்.

இமயமலைப் பனியும் இந்தியப் பருவமழையும்

தாம்சனின் பணியில் இந்தியாவோடு நேரடியாகத் தொடர்புடையது தாசுவோபு பனியாறு. இது திபெத்தில் சிசாபங்மா சிகரத்தின் சரிவில் உள்ளது. 1997இல் சீன அறிஞர்களுடன் சேர்ந்து 7,200 மீட்டர் உயரத்தில் இங்கே துளையிட்டனர். முகாமிட்டு வாரக்கணக்கில் வேலை செய்வதற்கு அது எவ்வளவு கொடிய உயரம் என்பதை மலையேறுபவர்கள் அறிவார்கள்.

தாசுவோபுவில் விழும் பனியில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவருவது. பருவமழை பொய்த்த ஆண்டுகளில் இந்தியச் சமவெளியின் வறண்ட மண் காற்றில் எழுந்து மலைவரை செல்கிறது. அந்த ஆண்டுகளின் பனியில் தூசியும் குளோரைடும் மிகுந்திருக்கும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, கடந்த ஆயிரம் ஆண்டுகளில் பனி பதிவு செய்துள்ள வறட்சிகளில் மிகக் கடுமையானது 1790 முதல் 1796 வரையானது.

இந்த முடிவைக் காகித ஆவணங்களோடும் வைத்துப் பார்க்கலாம். 1791–92இல் தக்காணத்தில் ஏற்பட்ட பஞ்சம் ‘மண்டையோட்டுப் பஞ்சம்’ என்றே பெயர் பெற்றது. புதைக்க ஆளின்றி எலும்புகள் சிதறிக் கிடந்ததால் வந்த பெயர். சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் பகுதியும் அதில் சிக்கியது. அங்கே சாமல்கோட்டையில் பணியாற்றிய தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் அந்த ஆண்டுகளில் மழை தொடர்ந்து பொய்த்ததைப் பதிவு செய்திருக்கிறார். கோதாவரிக் கழிமுகத்துக்கு அருகில் ஒருவர் கைப்பட எழுதிய குறிப்பும், இமயத்தின் உச்சியில் படிந்த தூசியும் ஒரே துயரத்துக்குச் சாட்சியாகின்றன.

2006இல் துளையிட்ட மற்றொரு மலை நைமோனாநியி. மானசரோவர் ஏரிக்குத் தெற்கே நிற்கும் குர்லா மாந்தாத்தா என்று சொன்னால் நம்மவர்களுக்கு எளிதில் புரியும். அங்கே எடுத்த உருளையில் ஆய்வாளர்கள் வழக்கம்போல் 1960களின் கதிரியக்க அடுக்கைத் தேடினர். அது இல்லை. 1950களின் அடுக்கும் இல்லை. அளவீட்டில் தவறு ஏதுமில்லை. 6,000 மீட்டருக்கு மேலான அந்த இடத்தில் 1950க்குப் பின் சேர்ந்த பனி எதுவும் மிஞ்சவில்லை. பனியாறு மேலிருந்தே கரைந்துகொண்டிருந்தது. அதன் நீர் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளின் மேற்படுகைப் பகுதியைச் சேர்ந்தது என்பதால் 2008இல் வெளியான இம்முடிவு கவலையோடு பார்க்கப்பட்டது.

பாசி போன்ற செடிகள்

மீண்டும் கெல்காயா. அங்கிருந்து இறங்கும் கோரி காலிஸ் என்ற பனியாறு 1963 முதல் 1978 வரை ஆண்டுக்குச் சுமார் 6 மீட்டர் பின்வாங்கியது. பிந்தைய ஆண்டுகளில் அந்த வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 மீட்டராயிற்று. முன்பு பனி இருந்த இடத்தில் ஓர் ஏரி தோன்றியது. 2006இல் பனிக்கட்டிகள் சரிந்து அந்த ஏரியில் விழ, பெருகிய வெள்ளம் கீழிருந்த மேய்ச்சல் நிலத்தை மூழ்கடித்தது.

2002இல் பனியின் விளிம்பில் தாம்சன் ஒரு செடிக்கூட்டத்தைக் கண்டார். ஈரநிலங்களில் மெத்தைபோல் அடர்ந்து வளரும் செடிவகை அது. இலைகள் குலையாமல் இருந்தன. கரிமக் காலக்கணிப்பில் அவற்றின் வயது ஏறத்தாழ 5,200 ஆண்டுகள் என்று வந்தது.

மென்மையான செடி காற்றிலும் வெயிலிலும் சில ஆண்டுகள் கிடந்தாலே மக்கி மறைந்துவிடும். 5,200 ஆண்டுகளாக மக்கவில்லை என்றால், வளர்ந்த இடத்திலேயே பனி அதை மூடியிருக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் ஒருமுறைகூட அந்தப் பனி இந்த அளவுக்குப் பின்வாங்கியிருக்கக் கூடாது. பின்னர் மேலும் உள்ளே தள்ளி 6,300 ஆண்டுகள் பழைய செடிகளும் வெளிப்பட்டன. இவ்விரு இடங்களுக்கும் இடையே முன்னேறிச் செல்லப் பனிக்கு 1,000 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அது பின்வாங்க எடுத்துக்கொண்டது 25 ஆண்டுகள். கணினி மாதிரிகள் எதுவும் இல்லாமலேயே புரிந்துகொள்ளக்கூடிய சான்று இது.

ஆல்ப்ஸ் மலையில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட ‘பனிமனிதன்’ ஓட்சியின் வயதும் ஏறத்தாழ 5,300 ஆண்டுகள். இந்த ஒற்றுமையை வைத்து, அக்காலத்தில் உலகெங்கும் திடீர்க் காலநிலை மாற்றம் நிகழ்ந்திருக்கலாம் என்று தாம்சன் கருதுகிறார்.

மாற்றுக் கருத்துகள்

தாம்சனின் முடிவுகள் அனைத்தும் எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டவை அல்ல. துருவங்களில் ஆக்சிசன் ஐசோடோப்பு விகிதம் வெப்பநிலையைக் காட்டுவது தெளிவு. வெப்பமண்டலத்தில் மழையின் அளவும், ஈரக்காற்று கடந்து வரும் வழியும் அவ்விகிதத்தை மாற்றக்கூடும். நீண்ட கால அளவில் வெப்பநிலையே மேலோங்கி நிற்கிறது என்பது தாம்சனின் நிலைப்பாடு. எல்லோரும் அதை ஒப்புவதில்லை.

குலியா பனிக்கவிகையில் 1992இல் எடுத்த உருளையின் அடிப்பகுதி 5 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழையது என்று முதலில் கூறப்பட்டது. 2019இல் வெளியான கிரிப்டான் வாயு அளவீடுகள் அங்குள்ள பனியின் வயது அதைவிட மிகக் குறைவு என்று காட்டின.

பரவலாகப் பேசப்பட்டது கிளிமஞ்சாரோ. 2000இல் அங்கே ஆறு உருளைகள் எடுக்கப்பட்டன. 1912இல் சுமார் 12 சதுர கிலோமீட்டராக இருந்த பனிப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு மறைந்துவிட்டதாகவும், எஞ்சியது 2015க்கும் 2020க்கும் இடையே மறையக்கூடும் என்றும் 2002இல் இவரது குழு எழுதியது. அந்த ஆண்டுகள் கடந்துவிட்டன. சுருங்கிய நிலையில் பனி இன்னும் இருக்கிறது. கிளிமஞ்சாரோ பனி குறைவதற்கு வெப்பம் கூடியதைவிட, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்கக் காற்று வறண்டதே முதன்மைக் காரணம் என்று வேறு சில பனியாற்றியலாளர்கள் வாதிடுகின்றனர். குறித்த ஆண்டில் பனி மறையவில்லை என்பதைப் புவி வெப்பமாதலே பொய் என்பதற்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. ஒரு மலையைப் பற்றிய கணிப்பின் பிழைக்கும், உலகின் பெரும்பாலான மலைப்பனியாறுகள் சுருங்கிவருவதற்கும் தொடர்பில்லை.

மழை பெய்த பனிமலை

2010இல் தாம்சன் குழு இந்தோனேசியாவின் பாப்புவாவில் உள்ள புஞ்சாக் ஜெயா மலைக்குச் சென்றது. இமயத்துக்கும் ஆண்டிசுக்கும் இடையே பசிபிக் வெப்பக்கடலின் வரலாற்றைச் சொல்லக்கூடிய பனி அங்கு மட்டுமே இருந்தது. அதன் தடிமன் 32 மீட்டர் அளவே. அவர்கள் தங்கியிருந்த நாட்களில் பனிமேல் பனி பொழியவில்லை, மழை பெய்தது. இரண்டு வாரங்களில் முகாமைச் சுற்றிப் பனிப்பரப்பு 30 சென்டிமீட்டர் தாழ்ந்தது.

வேறொரு சிக்கலும் எழுந்தது. அந்த மலை தங்கள் கடவுளின் உடல் என்றும், பனி அதன் தலை என்றும் உள்ளூர்ப் பழங்குடியினர் நம்புகின்றனர். தலையில் துளையிட்டு எடுத்துச் செல்ல வந்தவர்களை அவர்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகே பனி வெளியேற ஒப்புதல் கிடைத்தது. துளையில் விட்டுவந்த அளவுகோலை வைத்துப் பார்த்ததில், அடுத்த ஐந்தாண்டுகளில் சுமார் 5 மீட்டர் பனி குறைந்திருந்தது. 2015–16 எல் நினோவின்போது குறையும் வேகம் ஐந்து மடங்கானது.

இதயம்

தாம்சனுக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. பிற்காலத்தில் இதயச் செயலிழப்பும் சேர்ந்துகொண்டது. மெல்லிய காற்றில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர், தம் இதயம் பலவீனமடைந்ததை ஏற்க நெடுநாள் மறுத்தார். 2012 மே மாதம் அவருக்கு மாற்று இதயம் பொருத்தப்பட்டது. மூன்றாண்டுகளில், 2015இல், அந்த இதயத்தோடு திபெத்தின் குலியா பனிக்கவிகைக்குத் திரும்பி மீண்டும் துளையிட்டார். அப்போது எடுத்த பனியில் ஏறத்தாழ 14,400 ஆண்டுகள் பழைய அடுக்குகளில் 33 வைரசு வகைகளின் மரபணுத் தடயங்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் குறைந்தது 28 அறிவியலுக்குப் புதியவை.

இவரது மனைவி எலன் மோஸ்லி-தாம்சனும் பனி ஆய்வாளரே. கணவர் வெப்பமண்டல மலைகளுக்குச் செல்ல, அவர் அண்டார்டிக்காவிலும் கிரீன்லாந்திலும் குழுக்களுக்குத் தலைமை தாங்கினார். இருவர் கொண்டுவந்த பனியும் ஒரே ஆய்வகத்தில் ஆராயப்படுகிறது. தாம்சனுக்கு 2005இல் டைலர் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கமும் பெற்றுள்ளார்.

பனிக் காப்பகம்

ஒகையோவின் கொலம்பஸ் நகரில் உள்ள பர்டு துருவ, காலநிலை ஆய்வு மையத்தின் குளிரறைகளில் 7,000 மீட்டருக்கும் மேற்பட்ட பனி உருளைகள் பாதுகாக்கப்படுகின்றன. அறையின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 34 பாகை செல்சியசு அளவில் வைக்கப்படுகிறது. மின்சாரம் தடைபட்டால் உடனே இயங்க மாற்று ஏற்பாடுகள் உண்டு. ஒவ்வொரு உருளையிலும் ஒரு பகுதி மட்டுமே பகுப்பாய்வுக்கு வெட்டப்படுகிறது. மீதி, இன்று இல்லாத கருவிகளைக் கொண்டு நாளை வரும் ஆய்வாளர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்காகக் குழாய்களில் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. புஞ்சாக் ஜெயாவின் பனியும் அவற்றுள் ஒன்று.